சேவ் பண்ணின வரி ஓடிக்கிட்டிருக்கிற ஜாவாவுக்கு ஏன் போய்ச் சேரல?

தம்பி, உங்க கேள்விய முதல்ல நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி ஒரு தடவ சொல்லிடுறேன், தப்பா இருந்தா திருத்துங்க. ஸ்பிரிங் பூட்ங்கிற ஜாவா ஃப்ரேம்வொர்க்ல ஒரு ப்ராஜெக்ட், ஜாவா 17, பில்ட் பண்றது கிரேடில், எழுதுறது இன்டெலிஜே எடிட்டர்ல. டெர்மினல்ல கிரேடிலோட பூட்ரன் டாஸ்க்க போட்டு ஓட விட்டுட்டு, ஒரே ஒரு வரி மாத்தினா கூட நிறுத்தி திரும்ப ஏத்த வேண்டியிருக்கு, ஒவ்வொரு தடவையும் மூணு நிமிஷம் போகுது. மாற்றத்த பாத்து தானா ரீஸ்டார்ட் பண்ற ஸ்பிரிங்கோட டெவ்டூல்ஸ் சேத்துப் பாத்தீங்க, சேவ் பண்ணினா ஒண்ணுமே நடக்கல. ஒருத்தர் ஹாட்ஸ்வாப் ஏஜென்ட் போடுன்னு சொல்றார், இன்னொருத்தர் ஜேரெபல் வாங்குன்னு சொல்றார், ரெண்டும் ரீஸ்டார்ட் இல்லாமலே மாற்றத்த ஏத்துற டூல், எதப் போட்டா வேலை செய்யும்னு கேட்டிருக்கீங்க. ரங்கூன்ல கரண்ட் இருக்கிற நேரத்துல தான் வேலை ஓடும், இல்லன்னா லேப்டாப் பேட்டரிலயும் இன்வெர்ட்டர்லயும் தான்னு கடைசில ஒரு வரி எழுதியிருந்தீங்களே, அந்த வரிக்காகத் தான் இவ்வளவு நீளமா எழுத உக்காந்தேன். ஃபுல் பில்டும் ஃபுல் ஸ்டார்ட்டும் சிபியூவ முழுசா இழுக்கும், ஒரு நாளைக்கு நாப்பது தடவ அத பண்ணினா பேட்டரி என்ன ஆகும்னு எனக்கு நல்லா தெரியும், நானும் இதே ஊர்ல எம்ஐசிடி பார்க் பக்கம் ஒரு ஆஃபீஸ்ல பதினஞ்சு வருஷமா ஜாவா தான் எழுதுறேன்.

நீங்க கேட்டது எந்த டூல்னு. ஆனா உங்க பிரச்சனைக்கு அதுக்கு முன்னாடியே ஒரு கேள்வி இருக்கு, சேவ் பண்ணின வரி எங்க வரைக்கும் போய் நிக்குது? நீங்க மாத்தின வரி ஓடுற ப்ரோக்ராமுக்கு போய்ச் சேர மூணு படி தாண்டணும். முதல் படி, ஜாவா ஃபைல் கம்பைல் ஆகி கிளாஸ் ஃபைலா மாறணும். ரெண்டாவது, அந்த புது கிளாஸ் ஃபைல ஓடிக்கிட்டிருக்கிற ஜேவிஎம், அதாவது ஜாவா ப்ரோக்ராம ஓட்டுற மெஷின், எடுத்துக்கணும். மூணாவது, ஜேவிஎம் எடுத்துக்கிட்டாலும் ஸ்பிரிங் ஏற்கனவே கட்டி வச்சிருக்கிற பீன்ங்கிற ஆப்ஜெக்ட்கள், யூஆர்எல் மேப்பிங், கேஷ் இதெல்லாம் அந்த மாற்றத்த தெரிஞ்சுக்கணும். டெவ்டூல்ஸ், ஹாட்ஸ்வாப் ஏஜென்ட், ஜேரெபல் எல்லாமே ரெண்டாவது மூணாவது படிக்கான மருந்து. முதல் படியில அடைச்சிருந்தா இதுல எதப் போட்டாலும் வேலை செய்யாது, நீங்களும் அந்த டூல் சரியில்லன்னு நெனச்சுக்கிட்டு அடுத்த டூலுக்கு போயிருப்பீங்க. என்கிட்ட வந்து கேட்ட ஜூனியர் பசங்கள்ல முக்கால்வாசி பேருக்கு கோளாறு அந்த முதல் படியில தான் இருந்துச்சு.

உங்க விஷயத்துலயும் அதுதான்னு நெனைக்கிறேன். உங்க மெஷின பாக்காம அடிச்சு சொல்ல முடியாது, ஆனா எழுதியிருக்கிறத வச்சு பாத்தா நூத்துக்கு தொண்ணூறு அதுதான். ஏன்னா எக்லிப்ஸ்ங்கிற இன்னொரு எடிட்டர்ல சேவ் பண்ணினாலே பின்னாடி கம்பைல் ஆயிடும், அந்த வசதி ஆரம்பத்துலேர்ந்தே ஆன்ல இருக்கும். இன்டெலிஜேல சேவ் பண்ணினா டெக்ஸ்ட் மட்டும் தான் டிஸ்க்குக்கு போகும், கிளாஸ் ஃபைல் மாறாது, கன்ட்ரோல் எஃப்9 அழுத்தி பில்ட் பண்ணணும். டெவ்டூல்ஸ் ஜாவா ஃபைல பாக்கவே பாக்காது, கிளாஸ்பாத்ல, அதாவது ஜேவிஎம் கிளாஸ் ஃபைல தேடுற பட்டியல்ல, இருக்கிற ஃபோல்டர மட்டும் தான் பாத்துக்கிட்டே இருக்கும். கிளாஸ் ஃபைல் மாறலன்னா அதப் பொறுத்தவரைக்கும் நீங்க ஒண்ணுமே எழுதல.

இதுல இன்னொரு குழி இருக்கு, இது ரொம்ப பேர விழுத்தாட்டும். கிரேடில் கம்பைல் பண்ணினா கிளாஸ் ஃபைல் பில்ட் ஃபோல்டருக்குள்ள போகும், டெர்மினல்ல நீங்க ஓட விட்ட பூட்ரன் அங்கேர்ந்து தான் எடுக்குது. இன்டெலிஜே செட்டிங்ஸ்ல கிரேடில் பக்கத்துல, பில்டும் ரன்னும் யார் பண்ணணும்னு ஒரு இடம் இருக்கும். அதுல கிரேடில்னு இருந்தா பிரச்சனையில்ல. சீக்கிரமா இருக்கும்னு யாராவது சொல்லி அத இன்டெலிஜேன்னு மாத்தியிருந்தீங்கன்னா, இன்டெலிஜே தன்னோட கம்பைலர வச்சு அவுட்ங்கிற வேற ஃபோல்டர்ல எழுதும். நீங்க கன்ட்ரோல் எஃப்9 அழுத்துவீங்க, பில்ட் சக்சஸ்ஃபுல்னு வரும், கிளாஸ் ஃபைலும் நிஜமாவே மாறியிருக்கும், ஆனா ஓடுற ப்ரோக்ராம் பாக்கிற ஃபோல்டர் வேற, ஒண்ணும் நடக்காது. அதனால டூல் எதையும் தொடுறதுக்கு முன்னாடி இத மட்டும் பண்ணுங்க: ஒரு கன்ட்ரோலர்ல ஒரு ஸ்ட்ரிங்க மாத்துங்க, பில்ட் பண்ணுங்க, டெர்மினல்ல பில்ட் ஃபோல்டருக்குள்ள அந்த கிளாஸ் ஃபைலோட நேரத்த பாருங்க. இப்ப மணி என்னவோ அது தான் வரணும். காலைல நேரம் காட்டிச்சுன்னா முதல் படியே தாண்டல, அங்கேயே நில்லுங்க.

இதுக்கு ரெண்டு வழி இருக்கு, ரெண்டையும் கலக்காதீங்க. டெர்மினல்லயே ஓட விடணும்னா, ரெண்டாவது டெர்மினல் ஒண்ணு திறந்து கிரேடில்ல கிளாசஸ் டாஸ்க்க கன்டினியூவஸ் ஆப்ஷனோட, அதாவது மைனஸ் டி (-t) போட்டு ஓட விடுங்க. அது சோர்ஸ் ஃபோல்டர கவனிச்சுக்கிட்டே இருக்கும், நீங்க சேவ் பண்ணினதும் கம்பைல் பண்ணி பில்ட் ஃபோல்டர்ல போடும், ரிசோர்ஸ் ஃபைல்களையும் சேத்து காப்பி பண்ணிடும், முதல் டெர்மினல்ல ஓடுற டெவ்டூல்ஸ் அதப் பாத்து ரீஸ்டார்ட் பண்ணும். இல்ல இன்டெலிஜே தான் வசதின்னா பில்டும் ரன்னும் ரெண்டுமே இன்டெலிஜேன்னு வச்சுட்டு, பூட்ரன்ன மறந்துட்டு, மெயின் கிளாஸ அங்கேயே டீபக் மோட்ல ஓட விடுங்க. நான் பண்றது இந்த ரெண்டாவது தான். தானா கம்பைல் ஆகிற செட்டிங்கும் இருக்கு, ஆனா நான் அத ஆன் பண்றதில்ல. பாதி எழுதின கோடு கம்பைல் ஆகி உள்ள போய் நடுவுல ரீஸ்டார்ட் ஆகிறத விட, நான் முடிச்சுட்டு நானே கன்ட்ரோல் எஃப்9 அழுத்துறது தான் எனக்கு நிம்மதி, பேட்டரிக்கும் நல்லது.

டெவ்டூல்ஸ் நிஜமாவே ஓடுதான்னு பாக்க ஒரு சின்ன அடையாளம் சொல்றேன். ஸ்டார்ட் ஆகும்போது வர்ற லாக் வரியில த்ரெட் பேர் இருக்கிற இடத்த பாருங்க, மெயின்னு மட்டும் இருந்தா டெவ்டூல்ஸ் உள்ள இல்ல, ரீஸ்டார்டட்மெயின்னு இருந்தா இருக்கு. இல்லன்னா பெரும்பாலும் டிபென்டென்சி தப்பான இடத்துல இருக்கும், கிரேடில்ல அத டெவலப்மென்ட்ஒன்லிங்கிற இடத்துல போடணும். எல்லாத்தையும் ஒரே ஜார் ஃபைலா கட்டி மைனஸ் ஜார்னு ஓட விட்டாலும் டெவ்டூல்ஸ் தானா ஒதுங்கிடும், அத ப்ரொடக்ஷன்னு எடுத்துக்கும், அது வேணும்னே அப்படி வச்சது.

இப்ப ரெண்டாவது படி. இங்க ஜேவிஎம்மோட சொந்த குணம் தெரிஞ்சா தான் டூல்ஸ் என்ன பண்ணுதுன்னு புரியும். 2002ல வந்த ஜேடிகே 1.4லேர்ந்தே டீபக்கர் வழியா ஓடுற கிளாஸ மாத்துற வசதி இருக்கு, ஹாட்ஸ்வாப்னு சொல்றது அதத்தான். ஆனா சாதாரண ஜேவிஎம்ல மெத்தடுக்கு உள்ள இருக்கிறத மட்டும் தான் மாத்தலாம். புது மெத்தட், புது ஃபீல்டு, பேராமீட்டர் மாத்துறது, வேற கிளாஸ்லேர்ந்து எக்ஸ்டெண்ட் பண்றது எதுவும் ஆகாது, ஆட் மெத்தட் நாட் இம்ப்ளிமென்டட், ஸ்கீமா சேஞ்ச் நாட் இம்ப்ளிமென்டட்னு மெசேஜ் வரும். இது உங்க செட்டிங்ஸ்ல தப்பு இல்ல, ஜேவிஎம்மே அப்படித்தான். ஒரு மெத்தடுக்குள்ள புதுசா ஒரு லாம்டா, அதாவது பேரில்லாத குட்டி ஃபங்ஷன், எழுதினா கூட சில நேரம் இதே மெசேஜ் வந்து குழப்பும், மெத்தட் எதுவும் சேக்கலையேன்னு யோசிப்பீங்க. லாம்டாவுக்குள்ள இருக்கிற கோட கம்பைலர் ஒரு தனி ப்ரைவேட் மெத்தடா கிளாசுக்குள்ள எழுதி வைக்குது, ஜேவிஎம் பார்வையில அது புது மெத்தட் தான். முன்னாடி ப்ரைவேட் ஸ்டாட்டிக் மாதிரி சிலத ஜேவிஎம் கண்டுக்காம விட்டுச்சு, ஜாவா 13லேர்ந்து தனியா ஒரு ஆப்ஷன் கொடுத்தா தான் விடும், அந்த ஆப்ஷனையும் வரும்போதே டெப்ரிகேட்டட்னு சொல்லித்தான் வச்சாங்க, அத நம்பி பழகாதீங்க.

ஹாட்ஸ்வாப்ப கண்ணால பாத்து புரிஞ்சுக்க ஒரு சின்ன பரிசோதனை இருக்கு, எங்க ஆஃபீஸ்ல சேர்ற பசங்களுக்கு முதல் வாரமே இத பண்ண வைப்பேன். ஸ்பிரிங் எதுவும் வேண்டாம், ஒரு வெறும் மெயின் கிளாஸ் எழுதுங்க. முடிவில்லாத ஒரு வைல் லூப், அதுக்குள்ள வணக்கம்னு ஒரு பிரிண்ட், ஒரு செகண்ட் ஸ்லீப். டீபக் மோட்ல ஓட விட்டுட்டு வணக்கத்த பர்மிய மொழில மிங்கலாபான்னு மாத்தி பில்ட் பண்ணுங்க. கிளாஸ் ரீலோடட்னு இன்டெலிஜே சொல்லும், ஆனா திரைல வணக்கம் வணக்கம்னு தான் வந்துக்கிட்டே இருக்கும். பசங்க எல்லாரும் இந்த இடத்துல ஹாட்ஸ்வாப் பொய் சொல்லுதுன்னு முடிவு பண்ணிடுவாங்க. இப்ப நிறுத்திட்டு அந்த பிரிண்ட் வரிய மட்டும் 'சொல்லு'ங்கிற பேர்ல ஒரு தனி மெத்தடுக்கு மாத்தி, லூப்புக்குள்ளேர்ந்து அத கூப்பிடுங்க. திரும்ப ஓட விட்டு அதே மாதிரி மாத்தி பில்ட் பண்ணினா அடுத்த செகண்டே மிங்கலாபான்னு வரும். காரணம் என்னன்னா, ஏற்கனவே ஓட ஆரம்பிச்ச மெத்தட் முடியிற வரைக்கும் பழைய கோட்லயே ஓடும், அடுத்த தடவ கூப்பிடும்போது தான் புதுசு வரும். முதல்ல எழுதினதுல மெயின் மெத்தட் முடியவே இல்ல, அதனால பழசு போகவே இல்ல. பேக்ரவுண்ட்ல லூப் போட்டு க்யூ படிக்கிற த்ரெட், மணிக்கணக்கா ஓடுற பேட்ச் ஜாப் இதெல்லாம் ரீலோட் ஆகலன்னு வர்ற புகார் பாதி இது தான்.

இன்னொரு சமாச்சாரம், ஸ்டாட்டிக் பிளாக்கும் கன்ஸ்ட்ரக்டரும் ஹாட்ஸ்வாப்ல திரும்ப ஓடாது. ஒரு கடன் கணக்கு ப்ராஜெக்ட்ல ஸ்டாட்டிக் மேப்ல கட்டண விகிதம் எல்லாம் நிரப்பி வச்சிருந்தோம், விகிதத்த மாத்தி ஹாட்ஸ்வாப் பண்ணிட்டு ஒரு மதியம் முழுக்க ஏன் பழைய எண்ணே வருதுன்னு கணக்க துருவிக்கிட்டிருந்தேன். கணக்கு சரி, மேப் மட்டும் ஸ்டார்ட் ஆனப்போ நிரப்பினது. அதே ப்ராஜெக்ட்ல தான் கான்ஸ்டன்ட் விஷயமும் கத்துக்கிட்டேன். தாமதக் கட்டணம் 500ங்கிறத ஸ்டாட்டிக் ஃபைனலா ஒரு பொது மாட்யூல்ல வச்சிருந்தோம், அத 750 ஆக்கி அந்த மாட்யூல மட்டும் கம்பைல் பண்ணி ஜார மாத்தினேன், திரைல 500 தான் வந்துச்சு. ஸ்டாட்டிக் ஃபைனல் எண்ணையும் ஸ்ட்ரிங்கையும் கம்பைலர் அத உபயோகிக்கிற கிளாசுக்குள்ளயே நேரா எழுதிடும், ஓடும்போது அந்த பொது கிளாஸ திரும்பிக் கூட பாக்காது. உபயோகிக்கிற மாட்யூலையும் சேத்து கம்பைல் பண்ணினா தான் புது எண் வரும். ஒரே பில்டுக்குள்ள இருந்தா இன்டெலிஜேவும் கிரேடிலும் இத கவனிச்சுக்கும், ஜார தனியா எடுத்து வச்சு மாத்துற பழக்கம் இருந்தா தான் மாட்டுவீங்க.

மெத்தட் ஃபீல்டு எல்லாம் சேக்கணும், அப்பவும் ரீஸ்டார்ட் இல்லாம வேணும்னா அதுக்கு ஜேவிஎம்மயே மாத்தணும். ஆஸ்திரியா நாட்டுல லின்ஸ் ஊர்ல இருக்கிற யோஹானஸ் கெப்ளர் யூனிவர்சிட்டில, தாமஸ் வூர்த்திங்கர் ஆராய்ச்சி பண்ணும்போது ஹாட்ஸ்பாட் ஜேவிஎம்ம திருத்தி டிசிஇவிஎம்னு ஒண்ணு செஞ்சார், பின்னாடி கிரால்விஎம்ங்கிற இன்னொரு ஜாவா ரன்டைம் வேலைய நடத்தினவரும் அவர் தான். அத ஜாவாவோட சேக்கலாம்னு ஜெப் 159ன்னு ஒரு ப்ரொபோசலும் எழுதி வச்சாங்க, ஆனா அது ஓப்பன்ஜேடிகேக்குள்ள, அதாவது ஜாவாவோட பொது சோர்ஸ் கோடுக்குள்ள, வரவே இல்ல. அதனால தான் 2002ல இருந்த அதே கட்டுப்பாடு இன்னைக்கும் சாதாரண ஜாவால இருக்கு. அந்த வேலைய இப்ப எடுத்து வச்சிருக்கிறது இன்டெலிஜே செய்ற ஜெட்பிரெய்ன்ஸ் கம்பெனி, அவங்களோட ஜெட்பிரெய்ன்ஸ் ரன்டைம் 17, 21 ரெண்டுலயும் அது உள்ளயே இருக்கு, இலவசம். நீங்க ஜாவா 17ங்கிறதால அதையே எடுத்துக்கலாம். ஆனா இன்டெலிஜே தன் கூடவே கொண்டுவர்ற ரன்டைம நம்பாதீங்க, அதுல கம்பைலர் இல்ல, எஸ்டிகேன்னு போட்டிருக்கிறத தனியா இறக்கணும். அது சின்ன ஃபைல் இல்ல, நம்ம ஊர் நெட்ல ராத்திரி போட்டு விட்டு படுத்துடுங்க, ஆஃபீஸ்ல ஒருத்தர் இறக்கினா பென்டிரைவ்ல எல்லாருக்கும் கொடுத்துடலாம்.

அத ப்ராஜெக்ட்டோட ஜேடிகேயா வச்சுட்டு, ரன் கான்ஃபிகரேஷன்ல விஎம் ஆப்ஷன்ஸ்ல ஒண்ணு சேக்கணும். மைனஸ் எக்ஸ்எக்ஸ், கோலன், ப்ளஸ், அப்புறம் அலவ் என்ஹான்ஸ்டு கிளாஸ் ரீடெஃபினிஷன்ங்கிற நாலு வார்த்தையும் இடைவெளி இல்லாம ஒட்டி, ஒவ்வொரு வார்த்தையோட முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. சாதாரண ஜேடிகேல இந்த ஆப்ஷன போட்டா அன்ரெகக்னைஸ்டுன்னு சொல்லி ஜேவிஎம் ஏறவே ஏறாது, அப்படி வந்துச்சுன்னா நீங்க வேற ஜேடிகேல ஓட்டிக்கிட்டிருக்கீங்கன்னு அர்த்தம், அதுவே நல்ல பரிசோதனை. இத மட்டும் போட்டாலே புது மெத்தட், புது ஃபீல்டு எல்லாம் கன்ட்ரோல் எஃப்9ல உள்ள போயிடும். தாய் கிளாஸ மாத்துற மாதிரி பெரிய வேலைன்னா யோசிக்காம ரீஸ்டார்ட் பண்ணிடுங்க.

புது ஃபீல்டு சேக்கும்போது ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும், கன்ஸ்ட்ரக்டர் திரும்ப ஓடாதுன்னு சொன்னேன்ல, அது இங்க தான் கடிக்கும். சர்வீஸ் கிளாஸ்ல புதுசா ஒரு லிஸ்ட், ஈக்குவல் போட்டு நியூ அரேலிஸ்ட்னு எழுதுறீங்க, ரீலோட் ஆகுது, அடுத்த ரிக்வெஸ்ட்ல நல் பாயிண்டர். ஏற்கனவே உருவான ஆப்ஜெக்ட்ல அந்த புது ஃபீல்டுக்கு இடம் கிடைக்கும், ஆனா உள்ள நல் தான் இருக்கும், எண்ணா இருந்தா 0. ஸ்பிரிங்ல சர்வீஸ் எல்லாம் ஸ்டார்ட் ஆகும்போது ஒரே ஒரு தடவ உருவாகிறது, அதனால அந்த பீன் சாகிற வரைக்கும் நல் தான். கோட்ல தப்பே இல்லாத இடத்துல நல் பாயிண்டர் வந்தா, கோட திருத்த ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க.

மூணாவது படி இங்க தான் வருது. புது மெத்தட் எழுதி கெட்மேப்பிங் அனோட்டேஷனும் போட்டாச்சு, ஜேவிஎம்முக்குள்ளயும் போயாச்சு, ஆனா ப்ரவுசர்ல 404. ஸ்பிரிங் யூஆர்எல் பட்டியல ஸ்டார்ட் ஆகும்போதே எழுதி முடிச்சாச்சு, புது மெத்தட் வந்தது அதுக்கு தெரியாது. இத ஸ்பிரிங் காதுல போடுறதுக்குத் தான் ஹாட்ஸ்வாப் ஏஜென்ட். அதோட ஜார இறக்கி, ஜெட்பிரெய்ன்ஸ் ரன்டைமோட லிப் ஃபோல்டருக்குள்ள ஹாட்ஸ்வாப்னு ஒரு ஃபோல்டர் போட்டு, ஃபைல் பேர் ஹாட்ஸ்வாப் மைனஸ் ஏஜென்ட் டாட் ஜார்னு வச்சு, விஎம் ஆப்ஷன்ல மைனஸ் எக்ஸ்எக்ஸ், கோலன், ஹாட்ஸ்வாப்ஏஜென்ட் ஈக்குவல் ஃபேட்ஜார்னு சேக்கணும், ஃபேட்ஜார் எல்லாம் சின்ன எழுத்து. ஃபைல் பேர்ல வெர்ஷன் நம்பர் ஒட்டிக்கிட்டிருந்தா அதுக்கு தெரியாது, எடுத்துடுங்க. ஸ்பிரிங், ஹைபர்னேட், டாம்கேட்னு ஒவ்வொண்ணுக்கும் அதுக்குள்ள ப்ளகின் இருக்கு. கன்ட்ரோலர், சர்வீஸ் மாற்றங்கள்ல எனக்கு இது நல்லாவே ஓடுது. டேட்டாபேஸ் டேபிளுக்கான என்டிட்டி கிளாஸ்ல புது காலம் (column) சேக்கிறது, செக்யூரிட்டி கான்ஃபிகரேஷன் மாத்துறது இந்த ரெண்டுலயும் நான் இத நம்புறதில்ல, அரைகுறையா புது நிலைல நின்னுக்கிட்டு டெஸ்ட் ரிசல்ட்ட கெடுத்த அனுபவம் இருக்கு. இது என் ப்ராஜெக்ட்கள்ல பாத்தது தான், உங்களோடது வேற மாதிரி நடக்கலாம்.

டெவ்டூல்ஸ் பண்றது இதுலேர்ந்து முழுக்க வேற. அது கிளாஸ மாத்துறதில்ல, கிளாஸ் ஃபைல ஏத்துற கிளாஸ்லோடர் ரெண்டு வச்சிருக்கு, லைப்ரரி எல்லாம் ஒண்ணுல அப்படியே இருக்கும், உங்க கோட் இன்னொண்ணுல இருக்கும், மாற்றம் வந்தா அந்த ரெண்டாவத தூக்கி எறிஞ்சுட்டு புதுசா ஒண்ணு போட்டு ஸ்பிரிங்க திரும்ப ஏத்தும். அதனால நல் ஃபீல்டு, பழைய மேப்பிங் இந்த மாதிரி அரைகுறை நிலை இதுல வராது, என் கண்ணுக்கு அது பெரிய லாபம். செஷனையும் காப்பாத்தி வைக்கும், உள்ள வைக்கிறது சீரியலைசபிளா இருந்தா திரும்ப லாகின் பண்ண வேண்டாம். இதுக்கே உரிய ஒரு வியாதி உண்டு, ஒரே பேர் உள்ள கிளாஸ அதே கிளாஸா காஸ்ட் பண்ண முடியலன்னு எர்ரர் வரும், படிக்கும்போது தலை சுத்தும். உங்க கிளாஸ் ஒரு லோடர்லயும், அதே கிளாஸ கேஷ் லைப்ரரி ஒண்ணு இன்னொரு லோடர்லயும் ஏத்தினதால வர்றது. மெட்டா-இன்ஃப் ஃபோல்டர்ல டெவ்டூல்ஸுக்குன்னு ஒரு ப்ராபர்ட்டீஸ் ஃபைல் வச்சு அந்த லைப்ரரி ஜாரையும் ரீஸ்டார்ட் லோடர்ல சேருன்னு சொல்லிட்டா சரியாகிடும். டெவ்டூல்ஸையும் ஹாட்ஸ்வாப் ஏஜென்ட்டையும் ஒண்ணா மட்டும் ஓட விடாதீங்க, ஒண்ணு கிளாஸ மாத்தி முடிக்கிறதுக்குள்ள இன்னொண்ணு எல்லாத்தையும் கலைச்சு திரும்ப ஏத்தும், எது பண்ணினதுன்னே தெரியாம போகும்.

ஜேரெபல் பத்தி கேட்டீங்க. எஸ்டோனியால 2007ல ஆரம்பிச்சது, இப்ப பெர்ஃபோர்ஸ் கிட்ட இருக்கு. முன்னாடி ஒரு ஆஃபீஸ்ல லைசென்ஸ் இருந்தப்போ ரெண்டு வருஷம் உபயோகிச்சேன், நல்லா ஓடிச்சு, சாதாரண ஜேவிஎம்லயே புது மெத்தட் ஃபீல்டு எல்லாம் எடுத்துக்கும். ஆனா வருஷா வருஷம் டாலர்ல கட்டணும், இங்கேர்ந்து வெளிநாட்டு கார்டு பேமென்ட் பண்றது எவ்வளவு சிரமம்னு உங்களுக்கே தெரியும். உங்க நிலைமைக்கு அது தேவையில்லன்னு தான் சொல்வேன். குவார்க்கஸ்ங்கிற வேற ஜாவா ஃப்ரேம்வொர்க்ல டெவ் மோட் பிரமாதம், அடுத்த ரிக்வெஸ்ட் வரும்போதே தானா கம்பைல் பண்ணி ஏத்திக்கும், ஆனா அதுக்காக ஓடுற ஸ்பிரிங் ப்ராஜெக்ட்ட யாரும் மாத்தி எழுத மாட்டாங்க.

எனக்கு உண்மையா உறுத்துறது அந்த மூணு நிமிஷம் தான். நடுத்தரமான ஸ்பிரிங் பூட் ப்ராஜெக்ட் ஏற அவ்வளவு நேரம் எடுக்காது. கிரேடில் எவ்வளவு நேரம், ஸ்பிரிங் எவ்வளவு நேரம்னு பிரிச்சுப் பாருங்க, ஸ்டார்ட் ஆன வரியிலயே எத்தன செகண்ட்னு ஸ்பிரிங் எழுதும். நான் பாத்த ஒரு இடத்துல ஒவ்வொரு ஸ்டார்ட்லயும் டேட்டாபேஸ காலி பண்ணி டெஸ்ட் டேட்டா முழுசையும் திரும்ப நிரப்பிக்கிட்டிருந்தாங்க, ரெண்டு நிமிஷம் அதுக்கே போச்சு. பீன்கள தேவைப்படும்போது மட்டும் உருவாக்கிற லேசி இனிஷியலைசேஷன் ஸ்பிரிங் பூட் 2.2லேர்ந்து இருக்கு, டெவலப்மென்ட் ப்ரொஃபைல்ல மட்டும் அத ட்ரூ பண்ணிப் பாருங்க. இதெல்லாம் சரி பண்ணி ரீஸ்டார்ட் பத்து செகண்டுக்குள்ள வந்துட்டா டெவ்டூல்ஸே போதும், ஜேவிஎம் மாத்துற வேலையே வேண்டாம். அப்படியும் அரை நிமிஷத்துக்கு மேல நிக்குதுன்னா மட்டும் ஜெட்பிரெய்ன்ஸ் ரன்டைமுக்கு போங்க.

டாக்கருக்குள்ள ஓட விட்டு வெளியேர்ந்து டீபக்கர் இணைக்கிறீங்கன்னா ஒரு எச்சரிக்கை. ஜாவா 9லேர்ந்து டீபக் போர்ட்டுக்கு வெறும் 5005ன்னு மட்டும் கொடுத்தா அதே மெஷின்லேர்ந்து மட்டும் தான் இணைக்க விடும், கன்டெய்னருக்கு வெளியேர்ந்து வரணும்னா நட்சத்திரம், கோலன், 5005ன்னு கொடுக்கணும். ஆனா அந்த போர்ட்டுக்கு பாஸ்வேர்டு எதுவும் கிடையாது, இணைக்க முடிஞ்சவங்க உங்க ஜேவிஎம்முக்குள்ள என்ன கோட் வேணும்னாலும் ஓட்டலாம். டாக்கர்ல போர்ட் திறக்கும்போது 127.0.0.1க்கு மட்டும்னு கட்டிடுங்க, முக்கியமா டீக்கடை வைஃபைல உக்காந்து வேலை செய்ற ஆளா இருந்தா. ப்ரொடக்ஷன் சர்வர்ல இந்த ஆப்ஷன், ஹாட்ஸ்வாப் ஏஜென்ட், டெவ்டூல்ஸ் எதுவும் இருக்கவே கூடாது. பணம் புழங்குற சிஸ்டம்ல பாதி பழைய கோடும் பாதி புது கோடும் ஒரே நேரத்துல ஓடினா கணக்கு எங்க தப்பாச்சுன்னு பின்னாடி யாராலயும் சொல்ல முடியாது.

இன்னொண்ணு விட்டுப்போச்சு, மெசேஜ் ப்ராபர்ட்டீஸ் ஃபைல். பர்மிய எழுத்துல லேபிள் வச்சிருப்பீங்கன்னு நெனைக்கிறேன், அதுல ஒரு வார்த்தைய மாத்தினா ஹாட்ஸ்வாப் அத தொடாது, அது கிளாஸ் இல்ல. ஸ்பிரிங் அந்த ஃபைல ஒரு தடவ படிச்சா எப்பவும் கேஷ்லயே வச்சிருக்கும், மெசேஜஸ் கேஷ் டியூரேஷன்ங்கிற ப்ராபர்ட்டிய டெவலப்மென்ட்ல ஒரு செகண்ட்னு வச்சுப் பாருங்க, பில்ட் பண்ணி அந்த ஃபைல் காப்பி ஆகவும் விடணும். டெவ்டூல்ஸ் இருந்தா அந்த ஃபைல் மாறினாலே ரீஸ்டார்ட் பண்ணிடும், அப்ப இந்த கவலை இல்ல.

கரண்ட் இருக்கும்போது முதல்ல ரெண்டே விஷயம் பாத்து இங்கேயே எழுதுங்க. பில்ட் பண்ணின உடனே பில்ட் ஃபோல்டர்ல அந்த கிளாஸ் ஃபைலோட நேரம் என்ன, ஸ்டார்ட் லாக்ல த்ரெட் பேர் மெயினா ரீஸ்டார்டட்மெயினா. கூடவே ஸ்பிரிங் காட்டுற ஸ்டார்ட் செகண்டையும் போடுங்க. அந்த மூணும் தெரிஞ்சா எந்த படில நிக்குதுன்னு சொல்லிடுறேன், விஎம் ஆப்ஷன் போடுறதெல்லாம் அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.